சுவரில் தொங்கும் அச்சு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021இல். உளிக்குக் கிடைத்த மரியாதை, நியாயம்தான். ஆனால் வடக்கனந்தல் பக்கம் கதவு, நிலை செய்யும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும் ரூட்டர் இயந்திரத்துக்கு வழிகாட்டும் அச்சுகளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அவைதான் பிடிக்கும்.

6 மில்லி எம்டிஎஃப் பலகை. கதவில் வரும் பூவை அதில் முழுசாக வரைவதில்லை. பாதி வரைந்து வெட்டி, அதையே புரட்டி வைத்து மறுபாதி. இல்லாவிட்டால் இடதும் வலதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமே தவிர, இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்காது. கோட்டுக்கு ஒரு மில்லி தள்ளி அறுத்து, மிச்சத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து இறக்க வேண்டும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பது. விரலில் தட்டும் சின்ன மேடு, அச்சின் விளிம்பைத் தொட்டு ஓடும் ரூட்டர் பேரிங்கிலும் தட்டும். இருபது கதவென்றால் இருபதிலும் அதே மேடு.

பேரிங்குக்குப் பதில், பிட்டைச் சுற்றி புஷ் என்ற வளையத்தை மாட்டி ஓட்டினால் கணக்கு வேறு. 16 மில்லி புஷ், 6 மில்லி பிட்: வித்தியாசத்தில் பாதி, பக்கத்துக்கு 5 மில்லி. 50 மில்லி குழிக்கு அச்சில் 60 திறக்க வேண்டும். மூலையில் பிட் விட்டுவைக்கும் வளைவை எடுக்க மறுபடி உளிதான் வர வேண்டும்.