தண்ணீர் போதுமா? ஏர்பிரஷ் வண்ணக் கலவைக்கு ஒரு தீர்ப்பு

பிளாஸ்டிக் விமான மாடலுக்கு நிறம் அடிப்பவருக்கும், குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்களைப் புதுப்பிப்பவருக்கும், ஏர்பிரஷைக் கையில் எடுத்ததும் வரும் கேள்வி ஒன்றுதான். தூரிகைக்கென்று விற்கும் அக்ரிலிக் வண்ணம் 0.3 மில்லிமீட்டர் நாசிலுக்குள் நுழையாது. அதில் எதைக் கலப்பது? தண்ணீர் என்பார் ஒருவர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்பார் இன்னொருவர். கண்ணாடி துடைக்கும் திரவம், கம்பெனி தின்னர் என்று மேலும் இரண்டு கட்சிகள் உண்டு. சிபாரிசுக்குப் பஞ்சமில்லை, காரணம் கேட்டால்தான் தடுமாற்றம்.

கலக்கும் திரவத்தை நான்கு கேள்விகளால் சோதிக்கலாம். வண்ணத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறதா? பரப்பில் உருண்டு நிற்காமல் படியவிடுகிறதா? ஊசி முனையில் காயாமல், பொருளின் மேல் மட்டும் காயவிடுகிறதா? வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பைண்டரைச் சிதைக்காமல் இருக்கிறதா? பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தண்ணீர் மேல் சொல்லப்படும் பெரிய குற்றம், அது பைண்டரைக் கெடுத்துவிடும் என்பது. ரப்பர் விளையும் இந்தக் குமரி மாவட்டத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ரப்பர் பாலும் அக்ரிலிக் வண்ணமும் ஒரே வகைப் பொருள்: இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. ஷீட் அடிப்பவர்கள் பாலில் தாராளமாகத் தண்ணீர் சேர்த்த பிறகுதான் ஃபார்மிக் ஆசிட் விடுகிறார்கள். தண்ணீரால் பால் கெடுவதில்லை; ஆசிட்தான் அதை உறைய வைக்கிறது. அக்ரிலிக்கிலும் அப்படியே. ஒரு பங்கு வண்ணத்தில் ஒரு பங்கு தண்ணீர் விட்டால் நிறமியும் பைண்டரும் சேர்ந்தே பாதியாகின்றன. அவற்றுக்கிடையே உள்ள விகிதம் மாறுவதில்லை. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு பாதிதான் நிற்கும்.

மீதிப் பாதி பரப்பைப் பொறுத்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சொரூபம் தண்ணீரை உறிஞ்சும். நீர்த்த வண்ணத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும் முன்பே ஈரம் உள்ளே போய்விடும், பைண்டரில் ஒரு பகுதியும் கூடவே இறங்கும். மேலே நிற்பது விரல் பட்டால் உதிரும் பொடி. இதற்கு மருந்து தின்னரில் இல்லை. முதலில் பிரைமர் அடித்து உறிஞ்சலை அடைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் நேர் எதிரான சிக்கல். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவில் இருப்பதால், வண்ணம் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். தண்ணீரின் உண்மையான குறை இதுதான்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் இழுவிசை ஏறக்குறைய 22தான். ஆகவே நன்றாகப் பரவும், சீக்கிரம் காயும். டமியா அக்ரிலிக் வண்ணத்திலேயே ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் இருப்பதால் அதோடு இசைந்து போகும். வலேஹோ மாடல் கலர் போன்ற வண்ணத்தில் விட்டாலோ, ஆசிட் பட்ட ரப்பர் பால் மாதிரி திரிந்து நாசிலை அடைத்துவிடும். தண்ணீரில் கரையும் வண்ணம் என்ற ஒரே பெயரில் விற்றாலும் இவை இரண்டும் வேறு வேறு வேதிப்பொருள்கள். ஒன்றுக்குப் பொருந்தும் விதியை மற்றதற்குச் சொல்வதே பாதி தோல்விகளுக்குக் காரணம். ஆல்கஹாலின் ஆவி பொறி பட்டால் தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் எந்த மாதமும் அதற்குக் கீழே போகாது. ஆகவே பூட்டிய அறையில் அதைப் புகையாகத் தெளிப்பது கூடாது.

கண்ணாடி துடைக்கும் திரவத்திலும் பாத்திர சோப்பிலும் பரவவைக்கும் பொருள் உண்டு என்பது மெய். கூடவே வாசனை, சாயம், உப்பு எல்லாம் உண்டு. அவற்றில் ஆவியாகாதவை படலத்திலேயே தங்கும். ஹார்டுவேர் கடையில் 'தின்னர்' என்று கேட்டால் கிடைப்பது டொலுவீன் போன்ற கரைப்பான்கள் கலந்த கார் பெயிண்ட் தின்னர். அது அக்ரிலிக்கைத் திரிய வைப்பதோடு பாலிஸ்டைரீன் மாடலையும் கரைத்துவிடும்.

கம்பெனி தின்னரில் பரவவைக்கும் பொருளும், ஊசி முனையில் காய்வதைத் தாமதிக்கும் பொருளும் அளவோடு சேர்ந்திருக்கின்றன. நான்கு கேள்விகளுக்கும் தேறுவது இதுதான். ஒரே குறை விலை. ஆள் உயரச் சொரூபத்துக்கு இதையே ஊற்றுவது வீண் செலவு.

வெளிநாட்டுக் கையேடுகள் காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டரைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்வது வறண்ட காற்றுக்கு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் குமரியில் மழைக்கால ஈரமே பாதி ரிட்டார்டர் வேலையைச் செய்துவிடும். அதற்கு மேலும் சேர்த்தால் படலம் காயாமல் வழியும். ஈரக் காற்றை அழுத்தும்போது கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் திரண்டு வண்ணத்தோடு துப்பும்; இங்கே நீர் பிரிக்கும் வடிகட்டி இல்லாமல் எந்தக் கலவையையும் குறை சொல்வது நியாயமில்லை.

வண்ணத்தைப் பால்போல் இளக்கச் சொல்லும் 'பால் பதம்' என்ற பிரபல அளவுகோலும் முழுதாக நம்பத்தக்கதல்ல. அக்ரிலிக் வண்ணம் கிண்ணத்தில் அசையாமல் இருக்கும்போது கெட்டியாகத் தெரியும், நாசிலின் நெருக்கத்தில் இளகிவிடும். கிண்ணத்தில் பார்ப்பது தோராயக் கணக்கு. பழைய அட்டையில் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தெளித்துப் பார்ப்பதே சோதனை. துளித்துளியாகத் துப்பினால் இன்னும் இளக்க வேண்டும். சிலந்திக் கால்போல் ஓடினால் நீர்ப்பு அல்லது அழுத்தம் அதிகம்.

ஆகவே தீர்ப்பு: 0.2, 0.3 நாசிலில் நுண்வேலைக்கு அந்தந்த வண்ணத்தின் கம்பெனி தின்னர். பிரைமர் அடித்த பெரிய உருவங்களுக்கு, 0.5 நாசிலில், பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பரவவைக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் சில துளியும் தாராளமாகப் போதும். பேட்டரி ஆசிட்டோடு மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆல்கஹால் டமியா வகைக்கு மட்டும். சோப்பும் கண்ணாடித் திரவமும் தள்ளுபடி. எந்தக் கலவையானாலும் ஒரே வீச்சில் மூடப் பார்க்காமல், மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வொன்றும் காய்ந்த பின்பே அடுத்ததைத் தொட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு விலை உயர்ந்த தின்னரும் உதவாது.