தாயக்கட்டை யார் கையில்?

2017 ஆகஸ்ட் மாதம், சியாட்டில் நகரின் கீ அரீனா அரங்கம். 'டோட்டா 2' உலகப் போட்டியைப் பார்க்கக் கூடியிருந்த ரசிகர்களிடம் வால்வ் நிறுவனம் தன் அடுத்த விளையாட்டை அறிவித்தது. 'ஹாஃப் லைஃப்', 'போர்ட்டல்' போன்றவற்றைத் தந்த நிறுவனம் அது. ஆனால் 2013இல் டோட்டா 2 வந்த பிறகு பெரிய அளவில் புது ஆட்டம் எதையும் வெளியிட்டிருக்கவில்லை. ஆகவே அறிவிப்பு என்றதுமே அரங்கம் ஆர்ப்பரித்தது. திரையில் 'ஆர்டிஃபாக்ட்' என்ற பெயரும், அது டோட்டாவை வைத்துச் செய்த சீட்டாட்டம் என்ற வரியும் விழுந்தன. ஆர்ப்பரிப்பு பாதியிலேயே தேய்ந்து ஏமாற்றப் பெருமூச்சாக முடிந்தது.

2018 நவம்பர் 28இல் ஆட்டம் வெளியானபோது ஒரே நேரத்தில் 60,000 பேர் வரை ஆடினார்கள். 2019 நடுப்பகுதியில் அந்த எண் நூறுக்கும் கீழே போனது. ட்விட்ச் நேரலைத் தளத்தின் ஆர்டிஃபாக்ட் பகுதியைப் பார்க்க ஆளில்லாமல் போக, அந்தக் காலி மனையில் விஷமிகள் கூடாரம் போட்டுத் திருட்டுத் திரைப்படங்களை ஓடவிட்டார்கள். 2021 மார்ச்சில் வால்வ் ஆட்டத்தின் உருவாக்கப் பணியையே நிறுத்தியது.

இந்த வீழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஆட்டத்தில் அதிர்ஷ்டம் அதிகம் என்பது ஒன்று. காசு பிடுங்கும் ஆட்டம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் தனித்தனியே எடுத்துத் தராசில் வைத்தால் எதுவுமே போதுமான எடை காட்டுவதில்லை என்பது என் வாதம்.

முதலில் ஆட்டம். இதை வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். 1993இல் 'மேஜிக்: த கேதரிங்' மூலம் சேகரித்து ஆடும் சீட்டாட்டம் என்ற வகையையே தொடங்கிவைத்தவர். ஆர்டிஃபாக்டில் ஒன்றல்ல, மூன்று களங்கள். ஒவ்வொன்றிலும் எதிராளியின் கோபுரம் ஒன்று, 40 புள்ளி பலத்தோடு நிற்கும். இரண்டு கோபுரங்களைச் சாய்க்க வேண்டும். அல்லது ஒரே களத்தில் கோபுரத்தையும் அதன் பின்னால் 80 புள்ளியோடு எழும் மூலக்கோட்டையையும் வீழ்த்த வேண்டும். ஐந்து நாயகர்கள், மூன்று களங்களுக்கும் வாங்கி வைக்கும் ஆயுதங்கள், எந்தக் களத்தைக் கைவிட்டு எதைப் பிடிப்பது என்ற ஓயாத கணக்கு. ஆழமான ஆட்டம்தான். அதில் எனக்கு ஐயமில்லை.

அதிர்ஷ்டம் எங்கெல்லாம் நுழைகிறது? தொடக்கத்தில் மூன்று நாயகர்கள் எந்தக் களத்தில் நிற்பார்கள் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு இரண்டு சில்லறைப் படைவீரர்கள் ஏதோ ஒரு களத்தில் வந்து விழுகிறார்கள். கடையில் என்ன பொருள் விற்பனைக்கு வரும் என்பதும் குலுக்கல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக அம்புக்குறிகள். எதிரே ஆளில்லாமல் நிற்கும் வீரன் நேராகக் கோபுரத்தைத் தாக்குவானா, பக்கவாட்டில் திரும்பி வேறு யாரையாவது வெட்டுவானா என்பதை ஓர் அம்புக்குறி சொல்லும். அதுவும் குலுக்கலில் வருவது. இரண்டே புள்ளியில் உயிர் ஊசலாடும் கோபுரத்தின் முன் நம் வீரன் நிற்கிறான். அம்புக்குறி வளைந்து, செத்தாலும் இருந்தாலும் ஒன்றான ஒரு பொடியனைக் காட்டுகிறது. ஆடியவர்களின் கோபம் திரும்பத் திரும்ப இந்தக் காட்சியில்தான் வந்து நின்றது.

இனி எதிர்த்தரப்பு. அதுவும் வலுவானது. எல்லா அதிர்ஷ்டமும் ஒன்றல்ல. தாயத்தில் கட்டையை உருட்டிய பிறகுதான் எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிக்கிறோம். விழுந்தது அதிர்ஷ்டம், நகர்த்துவது திறமை. மாறாக, காயை நகர்த்திய பிறகு அது செல்லுமா செல்லாதா என்று கட்டையை உருட்டினால் யோசனைக்கே மதிப்பில்லை. ஆர்டிஃபாக்டின் படைவீரர்களும் அம்புக்குறிகளும் முதல் வகை: அவை விழுந்து கண்ணில் பட்ட பிறகுதான் நாம் அந்தக் களத்தில் சீட்டு இறக்குகிறோம். வளைந்த அம்பைச் சமாளிப்பதே திறமை என்று வடிவமைத்தவர்கள் சொல்லலாம். சொல்லவும் தகுதி உண்டு: கார்ஃபீல்டும், ஆர்டிஃபாக்டில் அவரோடு உழைத்த ஸ்காஃப் எலியாஸும் 2012இல் வெளியான 'கேரக்டரிஸ்டிக்ஸ் ஆஃப் கேம்ஸ்' நூலின் மூன்று ஆசிரியர்களில் இருவர். அதிர்ஷ்டமும் திறமையும் தராசின் இரு தட்டுகள் அல்ல, ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டியதில்லை, இரண்டும் ஒரே ஆட்டத்தில் நிறைந்திருக்கலாம் என்பது கார்ஃபீல்ட் நெடுங்காலமாக வாதிட்டுவருவது.

கொள்கை சரி. பிறகு ஏன் கசந்தது? இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, விதிவிலக்குகள். 'சீட்டிங் டெத்' என்ற சீட்டு களத்தில் இருந்தால், சாக வேண்டிய வீரன் பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒரு புள்ளியோடு பிழைத்துக்கொள்வான். இது நகர்த்திய பிறகு உருட்டுவது. கணக்குப் போட்டு வெட்டிய வெட்டுக்குப் பிறகு காசைச் சுண்டிப் பார்க்கிறார்கள். 2018 டிசம்பரிலேயே இந்தச் சீட்டை மாற்றியமைத்தார்கள் என்பதே அது தவறான இடம் என்பதற்கு ஒப்புதல்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது: கட்டை யார் கையில் இருக்கிறது? 'ஹார்த்ஸ்டோன்' என்ற இன்னொரு கணினிச் சீட்டாட்டத்தில் 2016இல் யோக்-சரோன் என்றொரு சீட்டு வந்தது. அதை இறக்கினால், அதுவரை நாம் எத்தனை மந்திரம் போட்டோமோ அத்தனை மந்திரங்கள் கண்டபடி, கண்ட இலக்கில் வெடிக்கும். ஆர்டிஃபாக்டில் இவ்வளவு காட்டுத்தனமான சீட்டு கிடையாது. ஆனாலும் மக்கள் யோக்-சரோனைத் திட்டிக்கொண்டே ரசித்தார்கள். காரணம், அந்தச் சீட்டைத் தன் சீட்டுக்கட்டில் சேர்த்தவர் ஆடுபவர். வேறு வழியில்லாத நேரத்தில் 'ஆனது ஆகட்டும்' என்று இறக்குபவரும் அவரே. அது அவருடைய சூதாட்டம். ஆர்டிஃபாக்டின் அம்புக்குறியை யாரும் சீட்டுக்கட்டில் சேர்ப்பதில்லை. அது ஆட்டக்களத்தின் தரையிலேயே பதிந்திருக்கிறது. சுற்றுக்குச் சுற்று, களத்துக்குக் களம், கேட்காமலே கட்டை உருள்கிறது. ஒவ்வொன்றும் சிறியது, கதையாக நினைவில் நிற்காதது. தோற்கும்போது மட்டும் ஒன்று நினைவில் நிற்கிறது.

ஆனால் இந்த வாதத்தையும் ஒரு சோதனைக்கு உட்படுத்த வேண்டும். 2022 அக்டோபரில் வெளியான 'மார்வெல் ஸ்னாப்' ஆட்டத்திலும் மூன்று களங்கள். ஒவ்வொரு களத்தின் விதியும் குலுக்கலில் வருவது. அங்கும் கட்டை ஆடுபவர் கையில் இல்லை. ஆனாலும் அது நின்று பிடித்தது. எப்படி? அங்கே எந்த நேரத்திலும் ஆட்டத்தைக் கைவிட்டு விலகலாம், அப்போதைய பந்தயத்தை மட்டும் இழந்து. நம்பிக்கை இருந்தால் பந்தயத்தை இரட்டிக்கலாம். அது எட்டு வரை ஏறும். ரம்மி ஆடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை மோசமாக வந்தால் முதலிலேயே டிராப் செய்து 20 புள்ளியோடு தப்பலாம், பிடிவாதமாக உட்கார்ந்தால் 80 வரை போகும். உருட்டுவது நாமாக இல்லாவிட்டாலும், உருட்டலுக்கு விலை வைப்பது நாமாக இருந்தால் போதும். ஆர்டிஃபாக்ட் இந்த இரண்டில் எதையும் தரவில்லை. அரைமணி நேரம் வரை நீளும் ஆட்டத்தில் ஐந்தாவது நிமிடத்தில் அம்பு வளைந்தாலும் முழு விலையையும் கொடுத்தே தீர வேண்டும்.

அடுத்தது காசு. 20 டாலர் கொடுத்தால் ஆட்டத்தோடு பத்துச் சீட்டுப் பொட்டலங்களும் ஐந்து நுழைவுச் சீட்டுகளும் கிடைத்தன. அதற்கு மேல் ஒவ்வொரு பொட்டலமும் 2 டாலர். ஆடிச் சம்பாதிக்கும் வழி அநேகமாக இல்லை. வேண்டிய சீட்டைச் சந்தையில் வாங்கலாம், வேண்டாததை விற்கலாம். ஒவ்வொரு விற்பனையிலும் வால்வுக்குப் பங்கு உண்டு. வெளியான நாட்களில் 'ஆக்ஸ்' என்ற ஒற்றை நாயகச் சீட்டின் விலை ஆட்டத்தின் விலையையே எட்டிப் பிடித்தது.

இதற்கும் ஒரு நியாயம் உண்டு. கார்ஃபீல்ட் 2016இல் எழுதிய ஓர் அறிக்கையில், பலவீனமானவர்களிடம் எல்லையின்றிப் பணம் கறக்கும் விளையாட்டுகளைக் கடுமையாகச் சாடியிருந்தார். திறந்த சந்தை அதற்கு ஒரு மாற்று மருந்து: பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து அதிர்ஷ்டத்தைத் தேடாமல், வேண்டிய ஒரு சீட்டை அதன் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இலவசம் என்று வாசலில் எழுதிவிட்டு உள்ளே உறிஞ்சும் கடைகளைவிட இது நேர்மையானது. நேர்மையானதுதான், ஆனால் ஆட்டத்தின் அமைப்போடு சேர்த்துப் பார்த்தால் இந்த நேர்மை உதவவில்லை.

காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. பரிசு தரும் போட்டிகளில் நுழைய ஒரு டாலர் பெறுமான நுழைவுச் சீட்டு வேண்டும். இரண்டு தோல்வியில் வெளியே. அதற்குள் மூன்று வெற்றி பெற்றால்தான் நுழைவுச் சீட்டு திரும்பக் கிடைக்கும். பொட்டலம் வேண்டுமானால் நான்கு. சமபலம் கொண்டவர்களோடு மோதும் ஒருவர், அதாவது பாதி ஆட்டம் வெல்பவர், நூறு முறை நுழைந்தால் ஏறத்தாழ 31 முறைதான் மூன்று வெற்றியைத் தொடுவார். நூற்றுக்கு அறுபது வெல்லும் கெட்டிக்காரரை எடுத்துக்கொள்வோம். அவரும் பாதிக்குக் குறைவாக, 47 அல்லது 48 முறைதான் நுழைவுச் சீட்டை மீட்பார். திறமை என்பது நூற்றுக்கணக்கான ஆட்டங்களில்தான் தெளியும். மூன்று நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை கணக்கை முடித்துக் காசு கேட்டால், எவ்வளவு ஆழமான ஆட்டமும் சூதாட்டம் போலத்தான் தெரியும். நீண்ட கணக்கைக் காட்டக்கூடிய தரவரிசை ஏணியோ வெளியான அன்று இல்லை. ஓரளவு வந்தது டிசம்பர் பிற்பகுதியில். அதற்குள் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

ஆக, அதிர்ஷ்டத்தின் அளவைவிட அது எந்த இடத்தில் காசோடு முட்டியது என்பதே முக்கியம். இந்த முட்டலைச் சகிக்க முடியாததாக்கியது மூன்றாவது காரணி: பில்டப்.

ஆர்டிஃபாக்டை எப்படி விற்றார்கள் என்று பாருங்கள். 2018 மார்ச்சில் பத்திரிகையாளர்களை அழைத்து, ஹாஃப் லைஃப் 2 தன் வகைக்கு எதுவாக இருந்ததோ அதுவாக இந்த ஆட்டம் சீட்டாட்டத்துக்கு இருக்கும் என்ற தொனியில் பேசினார் வால்வின் தலைவர் கேப் நியூவெல். 2019 தொடக்கத்தில் முதல் பரிசே பத்து லட்சம் டாலராக ஒரு போட்டி நடக்கும் என்றார்கள். அந்தப் போட்டி நடக்கவே இல்லை. சொல்லப்பட்ட செய்தி ஒன்றுதான்: இது விளையாட்டுப் பிள்ளைகளின் சீட்டாட்டம் அல்ல, மூளைக்காரர்களின் களம். ஹார்த்ஸ்டோனின் குலுக்கல் சலித்தவர்களுக்கு அது புகலிடமாக ஒலித்தது.

பில்டப் என்பது வெறும் சத்தம் அல்ல. அது ஆட்டத்தை எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கற்றுக்கொடுக்கிறது. ஹார்த்ஸ்டோன் தன்னை ஒரு கலகலப்பான விடுதியின் கேளிக்கையாக அறிமுகப்படுத்திக்கொண்டது. அங்கே குலுக்கல் வெடித்தால் அது வேடிக்கை. சதுரங்கத்தை எதிர்பார்க்கச் சொல்லிவிட்டு அம்புக்குறியைக் காட்டினால் அது துரோகமாகத் தெரியும். இரண்டிலும் இருப்பது அதிர்ஷ்டம்தான். 2019 மார்ச்சில் வால்வே ஒப்புக்கொண்டது: எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளியைத் தன் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை என்று. கார்ஃபீல்டும் எலியாஸும் அந்த மாதமே விலகியிருந்தார்கள்.

இந்த முடிவுக்கு ஒரு மறுப்பு எழலாம்: காசுதான் முழுக் காரணம், மற்றதெல்லாம் அலங்காரம் என்று. அதற்கு வரலாறு ஒரு சோதனையைத் தந்திருக்கிறது. 2021இல் ஆட்டத்தைக் கைவிடும்போது எல்லாச் சீட்டுகளையும் எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். காசு பற்றிய குறை ஒரே நாளில் மறைந்தது. ஆனால் கூட்டம் வந்து நிலைக்கவில்லை. கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்டால் அதுவும் நியாயமே. இது தூய சோதனை அல்ல. இருந்தாலும், காசு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் உயிராவது தென்பட்டிருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. சீட்டாட்ட வடிவமைப்பாக ஆர்டிஃபாக்ட் மேல்தரமானது. அதில் இருந்த அதிர்ஷ்டம் அளவில் மிகையானதல்ல. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை ஏற்கவோ மறுக்கவோ ஆடுபவருக்கு உரிமை தராதது வடிவமைப்பின் குற்றம். அதைக் குறுகிய கணக்கில் காசோடு கட்டியது வணிகத்தின் குற்றம். திறமையின் உச்சம் என்று முழங்கி அதை மறைத்தது விளம்பரத்தின் குற்றம். முதலாவது மட்டும் இருந்திருந்தால் சில திருத்தங்களில் ஆட்டம் பிழைத்திருக்கும். மூன்றாவதுதான் அதற்கான அவகாசத்தைப் பறித்தது. ஏமாந்ததாக நினைப்பவர் திருத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை.

முன்பு காசு கொடுத்து வாங்கியவர்களின் சீட்டுகளை, கைவிடும்போது சேகரிப்பாளர் பதிப்பு என்று மாற்றி, தொடர்ந்து விற்கலாம் என்று சந்தையில் விட்டார்கள். ஆடுவதற்கு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதை, ஆள் நடமாட்டமற்ற ஆட்டத்தில், விலைக்கு வாங்க ஒருவரைத் தேட வேண்டும். அடுத்த டிரெய்லர் வந்து அரங்கம் அதிரும்போது, ஆட்டம் எவ்வளவு ஆழமானது என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்: இங்கே கட்டையை உருட்டுவது யார்? விழுந்தது பிடிக்காவிட்டால் எழுந்து போக என்ன விலை?