வழி கேட்க வந்தவர்

புதுமைப்பித்தன் கதைகளில் நம்பிக்கை வறட்சிதான் உண்டு என்று அடித்துச் சொல்லுகிறவர்கள் பலர். அவரே அப்படி எழுதியும் வைத்துவிட்டார். ஆசிரியன் தன் கதையைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பது என் கட்சி.

1943-இல் ‘கலைமகளி’ல் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டிராமா, பஸ்ஸா, நடையா என்று சென்னைத் தெருமுனையில் யோசித்துக்கொண்டு நிற்கிறார் பிள்ளை. திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு ஒருவர் வருகிறார், வந்தவர் கடவுள். அவருக்குத் தாகம். காப்பி ஹோட்டலைக் காட்டும்போதே, பில் நம் தலையில் விழுமோ என்று பிள்ளைக்கு உள்ளூர உதைப்பு.

கடையநல்லூரில் டீக்கடை பெஞ்சியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நெசவாளி ஒருவருக்கு இந்தக் கட்டத்தைச் சொன்னேன். பிள்ளை தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர் என்றதும், “பின்னே? துட்டு யாரு குடுக்கதுன்னு பாக்கத்தான செய்வாரு!” என்று சிரித்தார். நான் தடுத்தும் கேளாமல் என் டீக்கும் அவரே துட்டுக் கொடுத்தார்.

இந்தக் கதையைத் தெய்வ நிந்தை என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பைசாக் கணக்குப் பார்க்கிற அதே பிள்ளைதான் வழியில் கண்டவரை வீட்டுக்கே கூட்டிப் போகிறார். குழந்தை வள்ளி கடவுளைத் தாத்தா என்று அழைத்து விளையாடுகிறாள். அந்த வீட்டுக் காட்சிதான் கதையின் உயிர். பிழைப்புக்காகக் கடவுள் நடனமாடிக் காட்டும் இடம் எனக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை. அங்கே கிண்டல் மிஞ்சி, சிரிப்புக் குறைந்துவிடுகிறது. கடைசியில் கடவுள் மறைந்துவிடுகிறார். பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா 25 ரூபாய் மட்டும் மிஞ்சுகிறது. அதைப் பிள்ளை ஒழுங்காக வரவு வைத்துக்கொள்கிறார்.