உவர்நீர்க் கரையில் ஒரு மர ஈரமானி

வீட்டில் முக்காலியோ புத்தகத் தட்டோ லாச்சி வைத்த சிறு மேசையோ செய்து பழகுவோர் வாளும் சீவுளியும் துறப்பணமும் வாங்கிய பிறகும் மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில், போரதீவுப்பற்றின் நிர்வாக மையமாக விளங்கும் வெல்லாவெளியில், செய்து முடித்த லாச்சி ஆண்டு முழுவதும் இறுகாமல் இழுபடுமா என்பதை உளியின் கூர்மையைவிட மரத்தின் ஈரமே தீர்மானிக்கிறது. இங்கு மதிப்பிடப்படும் இருமுள் ஈரமானி, வாடைமழை தொடங்கிய காலம் முதல் கச்சான் காற்று வீசும் காலம் வரை அவ்வூரின் வீட்டுப் பட்டறையொன்றில் பயன்பட்டது.

உள்ளங்கை அளவு, எண் திரை, இரண்டு எஃகு முட்கள், மரவகைக்கான சில தெரிவுகள் என்ற அதன் வெளியமைப்பு பலரும் அறிந்ததே. உலர்ந்த மரம் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். ஈரம் ஏற ஏற அதன் மின்தடை விரைந்து குறையும். முட்களுக்கு இடைப்பட்ட அத்தடையைக் கருவி அளந்து ஈர விழுக்காடாகக் காட்டுகிறது. ஈர விழுக்காடு என்பது மரத்திலுள்ள நீரின் நிறை, முற்றாக உலர்ந்த அதே மரத்தின் நிறையில் எத்தனை விழுக்காடு என்பதாகும். மரநார்களின் சுவர்கள் மட்டும் நீரால் நிறைந்து, உட்குழிவுகளில் நீர் வற்றிய நிலை, அதாவது ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு, நார்ச்செறிவு நிலை எனப்படும். அதற்கு மேல் கருவியின் எண்ணை நம்ப முடியாது. எனினும் மரம் சுருங்கத் தொடங்குவதே அந்நிலைக்குக் கீழ்தான் என்பதால், தச்சுவேலைக்குத் தேவையான எல்லைக்குள் கருவி பயன்தரவே செய்கிறது.

எதிர்பாராத நன்மை பருவமாற்றத்தின்போது வெளிப்பட்டது. காற்றிலுள்ள நீராவி, அவ்வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை விழுக்காடு என்பதே சாரீரப்பதன் ஆகும். அது 85 விழுக்காட்டை அண்மிக்கும் மழைநாட்களில் நிழலில் வைத்த பலகை 18 விழுக்காட்டு ஈரத்தை நோக்கியும், 65 விழுக்காட்டுக்கு இறங்கும் வறண்ட நாட்களில் 12 விழுக்காட்டை நோக்கியும் நகரும். இந்த ஆறு புள்ளி வேறுபாட்டில், ஆண்டு வளையங்களுக்குத் தொடுகோட்டுத் திசையில் அறுத்த 15 சென்ரிமீற்றர் அகலமுள்ள தேக்குப் பலகை ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆகவே மார்கழியில் செய்யும் லாச்சி முகப்பை ஏறக்குறைய இடைவெளியின்றிப் பொருத்தலாம். ஆடியில் செய்வதற்கு மேல்விளிம்பில் அந்த ஒன்றரை மில்லிமீற்றரை விட்டே ஆகவேண்டும். அனுபவமுள்ள ஓடாவி கையால் தடவி உணரும் இவ்வேறுபாட்டைத் தொடக்கநிலையாளருக்குக் கண்ணால் காட்டித் தருவது இக்கருவியின் பெருஞ்சிறப்பு.

அச்சிறப்பைக் குலைக்கும் குறை உப்பு. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், வாவியின் உவர்நீரில் ஊறிய பலகையோ பழைய தோணியிலிருந்து கழற்றிய மரமோ நன்கு உலர்ந்த பின்னும் கருவியில் ஈரமானதாகவே தோன்றுகிறது. பூச்சி அரிக்காமலிருக்கப் போரன் உப்புகளால் பதப்படுத்திய றப்பர் மரத்திலும் இவ்வகை மயக்கம் நேரலாம். வெப்பமும் எண்ணை உயர்த்துகிறது: 20 பாகை செல்சியஸ் அளவில் திருத்தப்பட்ட கருவி, 30 பாகையில் ஏறத்தாழ ஒரு புள்ளி கூட்டிக் காட்டும். இவற்றைவிட எரிச்சலூட்டுவது கருவியுடன் வரும் மரப்பட்டியல். குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் அதில் வரிசையாக நிற்க, கிழக்கிலங்கையில் மதிப்பு மிக்க முதிரையும் பாலையும், எளிதில் கிடைக்கும் வேம்பும் மலைவேம்பும் இடம்பெறவில்லை. வெப்பவலய நாடுகளில் கருவியை விற்றுப் பணம் பெறும் தயாரிப்பாளர், அந்நாடுகளின் மரங்களை அளந்து ஒரு பக்கம் அச்சிட மறுப்பது பொறுப்பின்மையே ஆகும்.

இக்குறைக்கு மாற்று சமையலறைத் தராசில் உண்டு. பலகையின் நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிச் சிறு துண்டொன்றை அறுத்து, உடனே நிறுத்து, 103 பாகை செல்சியஸ் அளவில் அடுப்புப் பெட்டியில் நிறை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். 236 கிராம் இருந்த துண்டு 200 கிராமில் நின்றால், இழந்த 36 கிராமை 200 ஆல் வகுக்க 18 விழுக்காடு கிடைக்கிறது. துண்டை அறுத்தபோதே அதே பலகையில் கருவி 21 காட்டியிருந்தால், அண்மித்த ஈரநிலையில் உள்ள அந்த மரத்துக்கு மூன்று புள்ளி கழிக்க வேண்டும் என்பது தெளிவாகும். உப்பேறிய மரத்துக்கு இத்தகைய கழிவையும் நம்ப இயலாது; அங்கே தராசின் விடையே இறுதியானது.

அளக்கும்போது முட்களை நார் ஓடும் திசையில் குத்தி, மேற்பரப்பை மட்டுமன்றிப் புதிதாக அறுத்த உட்பகுதியையும் பார்க்க வேண்டும். மரக்காலையிலிருந்து வந்த பலகைகளைத் தரையில் கிடத்தாமல், இடையிடையே ஒரே பருமனுள்ள சட்டங்கள் வைத்து நிழலில் அடுக்கி, நுனிகளுக்கு மெழுகோ வர்ணமோ பூசினால் வெடிப்புக் குறையும். வாரம் ஒருமுறை எடுத்த அளவு மாறாமல் நின்ற பின்னரே சீவுளியைக் கையிலெடுப்பது நலம். மேசைப் பலகையைச் சட்டத்தில் பொருத்தும்போது, திருகாணித் துளைகளை நாருக்குக் குறுக்குத் திசையில் நீள்துளைகளாக இட்டால், பலகை வெடிக்காமல் அசைய இடம் கிடைக்கும்.

உண்மையான எண் ஒன்றை எதிர்பார்த்து வாங்குவோரை இந்த ஈரமானி ஏமாற்றும். ஒரே பலகையின் நேற்றைய ஈரத்தையும் இன்றைய ஈரத்தையும் ஒப்பிட வாங்குவோருக்கு அது கொடுத்த விலைக்கு மேல் பயன் தரும். ஆகவே வெல்லாவெளி போன்ற வாவிக்கரை ஊர்களில் புதிதாகத் தச்சுவேலை தொடங்குவோர், இரண்டாவது உளி வாங்குவதற்கு முன் இதனையும் ஒரு தராசையும் வாங்குவதே தகும். முதிரைக்கும் வேம்புக்கும் தாம் கண்ட திருத்த எண்களை அவர்கள் எழுதிவைத்து ஒருவருக்கொருவர் பகிர்ந்தால், தயாரிப்பாளர் தராத பட்டியல் படுவான்கரையிலேயே உருவாகிவிடும்.