'ரூட் 66': வீதியும் தரிப்பிடமும்

1960 ஒக்டோபர் தொடக்கம் 1964 வரை ஐக்கிய அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் இடம்பெற்ற 'ரூட் 66' தொடர் நாடகத்தின் கவர்ச்சி நெடுஞ்சாலையிலேயே தங்கியுள்ளது எனக் கொள்வது பொதுவழக்கு. ஆயின், தரிப்பிடங்களே அங்கு கதையாகின்றன. தந்தையின் தொழில் நொடித்துப்போகக் கோர்வெற் காரொன்றை மாத்திரம் முதுசமாகப் பெற்ற ரொட்டும், நியூயோர்க்கின் வறிய பகுதியில் அநாதையாக வளர்ந்த பஸ்ஸும் ஊரூராக வேலை தேடிச் செல்கின்றனர்.

முதற்கதையில் அவர்கள் வந்தடையும் மிசிசிப்பிச் சிற்றூர், உலகப்போர்க் காலத்தில் ஜேர்மன் போர்க்கைதியொருவன் கொல்லப்பட்டதை மறைத்து வாழ்வது. அந்நியர் வருகையால் அம்மௌனம் கலைகின்றது. காரியம் முடிந்ததும் இருவரும் போய்விடலாம், ஊரார்க்கு அவ்வாய்ப்பில்லை. இவ்வேற்றுமையே தொடரின் உயிர்நிலை எனலாம்.

பெரும்பாலான கதைகளை எழுதிய ஸ்ரேர்லிங் சிலிபன்ற், எளிய தொழிலாளியையும் தத்துவம் பேசவைக்கிறார். இஃது ஒரு குறையே. எனினும், கலையகத்தை விடுத்து உண்மையான ஊர்களிற் படமாக்கியமை அம்மிகையைப் பெரிதுந் தணிக்கின்றது. அன்றாடம் உழைத்துண்ணும் இளைஞரின் கார் ஆண்டுதோறும் புதிய மாதிரியாவது எங்ஙனம்? கதையில் விடையில்லை, அனுசரணை வழங்கியது அதனை உற்பத்திசெய்த செவ்ரோலே!

1963இல் பஸ்ஸின் இடத்துக்கு வரும் லிங்கன் கேஸ் வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரன். அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்கள் அப்போரைப் பெரிதும் பேசாத காலமது. பஸ்ஸை வீதிக்கு ஈர்த்தது ஆவல். இவனோ அமைதி தேடி வருகிறான்.