ஐந்தரை சென்ட்

ஐந்தரை சென்ட் என்றதும் ஊரப்பாக்கம் தாண்டி ஏதோ மனை விலைக்கு வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இது அமெரிக்கச் சில்லறை. ஒரு டாலரில் பதினெட்டில் ஒரு பங்கு. ஒரு துப்பாக்கியை விமரிசனம் பண்ண எனக்கு இந்தச் சில்லறை வேண்டியிருக்கிறது.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேர்தல் பூத் வாசலில் கான்ஸ்டபிள்கள் ரொம்ப காலம் ஊன்றிக்கொண்டு நின்றார்களே, அந்த .303 இந்த ஜாதிதான். போல்ட் என்றால் தாழ்ப்பாள். தூக்கி இழுத்தால் காலித் தோட்டா துள்ளி விழும். தள்ளி மடக்கினால் அடுத்தது உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

அமெரிக்காவில் இதை வாங்குகிறவர்களில் ஒரு கோஷ்டி, வாங்கினதை வாங்கின மாதிரி வைத்துக்கொள்வதில்லை. நாம் அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டருக்கு இந்த மாசம் ராம், அடுத்த போனஸில் மானிட்டர் என்று சேர்ப்போமே, அப்படி. இந்த வருஷம் கட்டை, அடுத்த வருஷம் ட்ரிகர், சில ஆயிரம் தோட்டா சுட்டுத் தேய்ந்ததும் புதுக் குழல். அங்கே சட்டப்படி நம்பர் பொறித்த ‘ரிசீவர்’ என்கிற நடு உடம்புதான் துப்பாக்கி. மற்றதெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ், தபாலில் வரும். எல்லாவற்றையும் மாற்றின பிறகும் அது அதே துப்பாக்கி. தாத்தாவின் அரிவாளுக்கு அப்பா பிடியை மாற்றி, பிள்ளை அலகை மாற்றின கதை. (இங்கே இந்த ஆசை வேண்டாம். லைசென்ஸ் வாங்குவதே ஒரு புராணம். 2019 திருத்தத்துக்கப்புறம் ஆளுக்கு இரண்டுதான்.)

ஆக, எதை முதலில் வாங்குவது என்பதுதான் கேள்வி. பல வருஷங்களுக்கு இதற்கு ஒரே பதில்தான் சொன்னார்கள். ரெமிங்டன் 700.

1962-ல் வந்தது. வடிவமைத்த மைக் வாக்கர் தானே ஒரு தேர்ந்த குறிபார்ப்பவர். 1898-ன் மௌஸரை நீங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மௌஸர் இரும்பைக் குடைந்து குடைந்து செதுக்கின சமாசாரம். வாக்கர் செய்தது லேத்தில் கடைந்த வெறும் குழாய். உதையைத் தாங்கும் முட்டுகூட ரிசீவரோடு சேர்ந்ததில்லை. நடுவில் செருகின ஒரு தடித்த வாஷர்தான். மலிவு. ஆனால் உருளை என்பதால் கட்டையில் பொருத்துவது சுலபம், துல்லியமும் தானாக வந்தது. மரைன் படையினர் 1966-லும், அமெரிக்க ராணுவம் 1988-லும் இதை வைத்துத்தான் ஸ்னைப்பர் துப்பாக்கி பண்ணிக்கொண்டார்கள். சிக்கனத்திலிருந்து வந்த அழகு. இதுவரை எனக்குப் புகார் இல்லை.

புகார் ட்ரிகரில். வாக்கர் அதில் ‘கனெக்டர்’ என்று ஒரு சின்னத் தகடு வைத்தார். ட்ரிகரோடு ஒட்டாமல் ஸ்பிரிங்கின் தயவில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் விலகித் திரும்பும். விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று ரசிகர்கள் உருகுவார்கள். ஆனால் அந்த இடுக்கில் ஒரு தூசு, காய்ந்த எண்ணெய் சிக்கினால்? சேஃப்டியைத் தள்ளினாலே வெடிக்கும் என்றன வழக்குகள். 1982-க்கு முந்தைய 700-களில் இன்னொரு விபரீதம்: சேஃப்டியை விடுவித்தால்தான் போல்ட்டே திறக்கும். அதாவது தோட்டாவை வெளியே எடுக்க, முதலில் சுடத் தயாராக வேண்டும்!

2000-ல் மொன்டானாவில் வேட்டை முடிந்து ஒரு தாய் தோட்டாவை எடுக்கத்தான் சேஃப்டியைத் தள்ளினாள். வெடித்தது. ஒன்பது வயசு மகன் போய்விட்டான்.

வாக்கருக்கு இது தெரியாமலா இருந்தது? 1948-லேயே, இந்த ட்ரிகர் முந்தைய மாடலில் வந்த சமயத்திலேயே, பாதுகாப்பான மாற்றம் ஒன்றை அவரே கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார். கூடுதல் செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். கம்பெனி செய்யவில்லை. தொண்ணூறு தாண்டின கிழவராக 2010-ல் சிஎன்பிசி ஆவணப்படத்தில் இதை அவரே பேசினார். துப்பாக்கியில் குறையில்லை என்பதுதான் கம்பெனியின் பதில், கடைசி வரை. 2006-ல் வந்த மாற்று ட்ரிகரையும் 2014-ல் திரும்ப அழைக்க நேர்ந்தது. வழக்குச் சமரசத்தில் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள். பெரும்பாலானவற்றுக்கு ட்ரிகரை இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். குறையை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 2018, 2020 இரண்டிலும் கம்பெனி திவால் மனு போட்டது வேறு கதை.

எனக்கு உறுத்துவது இது. ‘700-க்குக் கிடைக்கிற மாதிரி உதிரி பாகம் வேறெதற்கும் கிடைக்காது’ என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கடைத்தெருவில் முதலில் விற்பது எது தெரியுமா? ட்ரிகர். வாங்குகிறவன் எப்படியும் மாற்றிக்கொள்வான் என்று வந்துவிட்டால் தயாரிக்கிறவன் ஏன் மெனக்கெட வேண்டும்? ஆனால் வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையும் மாற்றாதவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மான் வேட்டைக்குப் போய்விட்டு அலமாரியில் சாய்த்து வைக்கிறவர்கள்.

சாவேஜ் 110-ஐப் பாருங்கள். 1958-லிருந்து இருக்கிறது. குழல் சேருமிடத்தில் பிளம்பர் போட்ட கப்ளிங் மாதிரி ஒரு நட்டு. பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்த நட்டைத் தளர்த்தி, அளவுமானி வைத்து, புதுக் குழலை வீட்டிலேயே சரியான இடைவெளியில் நிறுத்தலாம். 700 என்றால் அதற்கு லேத் வைத்திருக்கும் ஆசாமியிடம் போக வேண்டும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ட்ரிகருக்குள் இன்னொரு குட்டி நாக்கு வைத்து, அதையும் சேர்த்து அமுக்கினாலொழிய வெடிக்காது என்று சாவேஜ் பண்ணினபோது மற்றவர்களுக்கு ரோஷம் வந்தது. பிறகு ஆளாளுக்கு நல்ல ட்ரிகர் வைத்தார்கள். ஃபின்லாந்தின் டிக்கா வாங்கினால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஒழுங்காகச் சுடும்; மாற்ற அதிகம் இல்லை என்பதே சிலருக்குக் குறை! 700-ன் அளவிலேயே இப்போது ஸ்பெயினின் பெர்காரா மாதிரி மற்றவர்களும் பண்ணுகிறார்கள். அதே உதிரி பாகங்களில் பலவும் இதற்குச் சேரும், அந்தப் பழைய ட்ரிகர் இல்லாமல்.

டெக்ஸஸில் க்ரீன் கார்டு வாங்கின உங்கள் மச்சினன், செகண்ட் ஹாண்டில் பழைய 700 ஒன்று சல்லிசாக வருகிறது என்று போன் பண்ணினால் தடுக்காதீர்கள். எந்த வருஷத்தது, பழைய ட்ரிகரா என்று மட்டும் கேளுங்கள். இலவசமாக மாற்றிக்கொள்ளும் கெடு 2020-லேயே முடிந்துவிட்டது. டெலஸ்கோப்புக்கு என்று எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதல் வேலையாக ட்ரிகரை மாற்றச் சொல்லுங்கள். அதுவரை தோட்டா போட வேண்டாம். டெலஸ்கோப் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.