விரல் கேட்கும் ஓசை

திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனை வார்டுகளில் கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கற்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் கலை.

இடது நடுவிரலை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி வைத்து, வலது நடுவிரல் நுனியால் அதன்மேல் தட்ட வேண்டும். அசைவது மணிக்கட்டு மட்டும். தட்டிய விரல் உடனே எழும்ப வேண்டும். தங்கினால் ஓசை அமுங்கிவிடும். காற்று நிறைந்த நுரையீரல் வெறும் பானைபோல் முழங்கும். நிமோனியா இறுகிய இடம் மந்தமாக ஒலிக்கும். காசநோயால் நெஞ்சுறையில் நீர் கோத்திருந்தாலோ கல்லைத் தட்டியதுபோல ஓசையே செத்துப்போகும். காதுக்கு முன்பே விரலுக்கு அது தெரிந்துவிடும்.

1761இல் வியன்னாவில் இதை நூலாக்கிய மருத்துவர் ஆவன்புருகர், விடுதிக்காரர் மகன். மதுப் பீப்பாய்களைத் தட்டி அளவறியும் வழக்கமே அவருக்கு வழிகாட்டியது என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த நுணுக்கம் சீக்கிரம் பிடிபடும் என்றே நம்புகிறேன்.

எக்ஸ்ரே வந்த பின்னும் இது வேண்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “தாத்தா, முதுகைக் கொஞ்சம் காட்டுங்க, தட்டிப் பாக்குறேன்” என்று கேட்டபிறகே தொடுகிறாள் ஒரு மாணவி. வலம், இடம், மறுபடி வலம். இருமலை அடக்கிக்கொண்டு பெரியவரும் அந்த ஓசையைக் கேட்கிறார்.